கன்னத்தில் ஓர் அறை, அனுமதியுடன்

1. முதல் நாள்

நான் உத்தியோகத்தில் சேர்ந்த முதல் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்பது கொலை பார்த்து முடித்தேன். பயப்படாதீர்கள், எல்லாம் காகிதத்தில்தான். ஜொகூர் பாருவில் கடலைப் பார்த்தபடி இருந்த ஓர் ஆபீஸ். அதன் பேர் வேண்டாம். ரப்பர் விலை படுத்துப்போய், தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வயிறு காய்ந்த ஜனங்கள் நாடகம் பார்த்துக் கெட்டுப்போய்விடக் கூடாதே என்று மேலே இருந்தவர்களுக்கு ஒரே கவலை. வயிறு காய்வதைப் பற்றி அவ்வளவு கவலை இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆகவே நாடகம், கதைப் புத்தகம், சினிமா மூன்றையும் ஜனங்கள் பார்ப்பதற்கு முன்னால் நாங்கள் பார்ப்போம். அதில் எவ்வளவு அடிதடி இருக்கிறது என்று ரிப்போர்ட் எழுதுவோம். தமிழில் வருவதெல்லாம் என் பங்கு. துரைக்குத் தமிழ் தெரியாதாகையால் அவருக்கு இன்டர்பிரட்டரும் நான்தான். இப்போது காலேஜில் இதையே ஒரு பாடமாக வைத்து, வன்முறை என்று தலைப்புப் போட்டுப் பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்களாம். எங்கள் காலத்தில் அதற்குப் பலாத்காரம் என்று பேர், நாங்கள் அதைப் படித்ததற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

துரை நல்ல மனிதர். சும்மா சொல்லக் கூடாது, கொசுவைக்கூட அடிக்க மாட்டார். பியூனைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்வார். முதல் நாள் அவர் என் கையில் ஓர் அச்சடித்த பாரத்தைக் கொடுத்தார். அடிப்பவர் யார், அடி வாங்குபவர் யார், எதனால் அடிக்கிறார், எத்தனை தடவை, முடிவு என்ன என்று ஐந்து கட்டம். ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு பாரம் பூர்த்தி செய்ய வேண்டும்.

எனக்கு வந்த முதல் நாடகம் புராணக் கதை. ஒன்பதாவது கொலை வரைக்கும் ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தேன். பத்தாவதில் சாமி வந்து அசுர சேனை முழுவதையும் ஒரே மூச்சில் அழித்துவிட்டது. எத்தனை பேர் என்று நாடகக்காரர் எழுதவில்லை. பாரத்தில் எண் போடாமல் விட முடியாது. துரையிடம் போய்க் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சாமிகள் கொன்றால் கணக்கில் சேராது, அது மதம் என்றார். அப்படியானால் ராஜாக்கள் தலையை வெட்டினால் என்றேன். அது சரித்திரம். புருஷன் பெண்சாதியை அடித்தால்? அது குடும்ப விவகாரம். வாத்தியார் பையனை அடித்தால்? அது படிப்பு. நான் எழுதி வைத்த ஒன்பது கொலையும் அந்த ஐந்து நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போயின.

பின்னே எதைத்தான் பலாத்காரம் என்று எழுதுவது என்று கேட்டுவிட்டேன். பார்த்தால் உனக்கே தெரியும் என்றார். அவர் சொன்னது பொய் இல்லை, ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. மேலே இருப்பவன் கை கீழே இறங்கினால் அதற்கு ஆயிரம் பேர் உண்டு. கீழே இருப்பவன் கை மேலே போனால் அது ஒன்றுதான் பலாத்காரம். அதன் பிறகு என் வேலை ரொம்பச் சுலபமாகிவிட்டது.

2. தலையில் கட்டுப் போட்ட வெள்ளைக்காரர்

சினிமா பார்ப்பதுதான் இந்த வேலையில் ஜாலி என்று நினைப்பீர்கள். காலை பத்து மணிக்கு, தகரக் கொட்டகையில், வேர்க்க விறுவிறுக்க, துரையும் நானும் இரண்டே பேர். பேசாத படம். ஒரு வெள்ளைக்காரக் கதாநாயகர் தன் சீனச் சமையற்காரனை அடி பின்னி எடுப்பார். கால் மணி நேரம் துரை அதை அமைதியாகப் பார்த்தார். கடைசியில் சமையற்காரன் பொறுக்க மாட்டாமல் வாணலியை எடுத்து ஒரே ஒரு போடு போட்டான். துரை நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அந்த ஒரு போட்டை வெட்டச் சொல்லி உத்தரவு.

வெட்டினோம். அன்று சாயந்திரம் ஜனங்களோடு உட்கார்ந்து பார்த்தேன். சமையற்காரன் அடி வாங்குகிறான், வாங்குகிறான், வாங்கிக்கொண்டே இருக்கிறான். திடீரென்று அடித்தவர் தலையில் பெரிய கட்டோடு கட்டிலில் படுத்திருக்கிறார். கொட்டகையில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த செட்டியார், பாவம், அடிச்ச களைப்புல தலைவலி வந்திருச்சு போல என்று பரிதாபப்பட்டார்.

புத்தகத்திலும் இதே கதைதான். ஒரு துப்பறியும் நாவல் வந்தது. அதில் எஜமானைக் கொல்வது அவர் வேலைக்காரன். எட்டுப் பக்கத்தைக் கிழித்துவிட்டு விற்கலாம் என்று அனுமதி கொடுத்தோம். புத்தகக் கடைக்காரர் பிறகு என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்புறம் போய்விடுவார். செத்தது யார் என்று கேட்டுக்கொண்டு தினமும் நாலு பேர் அவர் கடைக்கு வந்தார்களாம்.

இப்படித்தான் இலக்கியத்தையும் சினிமாவையும் ஜனங்களுக்கு ஆபத்தில்லாமல் நாங்கள் ஆக்கினோம். நான் கெட்டிக்காரன் என்று பேர் எடுத்தேன். எனக்கும் அது பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

3. வீராசாமியின் நோட்டுப் புத்தகம்

கூலாய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவன் வீராசாமி. முப்பது வயது இருக்கும், ஒல்லி, கறுப்பு, முன்பல் ஒன்று கிடையாது. ஒரு லீவு நாளில் ரயிலேறி ஜொகூர் பாருவுக்கு வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்றை என் மேசையில் வைத்தான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம் போட வேண்டும், அனுமதி வேண்டும் என்றான். நாடகத்துக்குப் பேர் என்ன என்றேன். "பேரு வெக்கிறதுக்குள்ள பக்கம் முடிஞ்சிருச்சுங்க" என்றான்.

கதை நாலு வரிதான். ஒரு பால்வெட்டுக்காரி விடிகாலைப் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு ஆளை எண்ணும் இடத்துக்கு, நேரம் கழித்து வருகிறாள். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். கங்காணி எல்லார் முன்னாலும் அவளைக் குடைக் காம்பால் ஆறு அடி அடிக்கிறார். ஏழாவது அடிக்குக் கை ஓங்கும்போது அவள் திரும்பி அவர் கன்னத்தில் ஓர் அறை விடுகிறாள். அவ்வளவுதான், திரை.

நான் பாரத்தைப் பூர்த்தி செய்து உள்ளே அனுப்பினேன். துரை சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். குடைக் காம்பு அடி ஆறின் மேலும் பென்சில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அது தோட்ட நிர்வாகம். அந்த ஓர் அறையில் வந்து நின்றது. கூலிக்காரி கங்காணியை அறைகிறாளா, முடியவே முடியாது என்றார். வேண்டுமானால் அவளை ஒரு ராணியாக மாற்றிக்கொள்ளட்டும், கங்காணியை ஓர் அசுரனாக வைக்கட்டும், நூறு அறை அறைந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

இதை வீராசாமியிடம் சொன்னேன். "எங்க தோட்டத்துல ராணி இல்லீங்களே ஐயா. இருக்கிறவங்களை வெச்சுத்தானே எழுத முடியும்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. நாலெழுத்து படித்த எனக்கே புத்தி சொல்கிறானே என்று. ஆனாலும் அவனை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை.

அங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. துரையிடம் மறுபடியும் போனேன். அறைந்தபிறகு அவள் தப்பை உணர்ந்து கங்காணி காலில் விழுந்து அழட்டும், கங்காணி பெரிய மனசு பண்ணி மன்னிக்கட்டும், அப்போது இது கீழ்ப்படிதலைப் போதிக்கும் நாடகம் ஆகிவிடும் என்றேன். துரைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கையெழுத்துப் போட்டார். அனுமதிச் சீட்டில் மூன்று நிபந்தனை. ஒன்று, கன்னத்தில் ஓர் அறை, திறந்த உள்ளங்கையால், ஒரே தடவை. இரண்டு, பிறகு காலில் விழும் காட்சி. மூன்று, ஜனங்கள் இருட்டில் கலவரம் பண்ணாமல் இருக்க, நாடகம் சாயந்திரம் ஆறு மணிக்குள் முடிய வேண்டும். நிபந்தனை மீறினால் நாடகம் போட்டவனைக் கப்பல் ஏற்றலாம் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.

வீராசாமி காலில் விழும் காட்சியை என் மேசையருகிலேயே நின்று எழுதினான். எழுதி முடிக்கிறவரை முகத்தைத் தூக்கவில்லை.

4. ஆறு மணி வரை

நிபந்தனைகளைக் கவனிக்க என்னையே அனுப்பினார்கள். மாரியம்மன் கோயில் பக்கத்தில் பலகை மேடை. சாயந்திரம் நாலு மணி, பளிச்சென்று வெயில். தோட்டத்து ஜனங்கள் அத்தனை பேரும் தரையில். முன்னால் இரண்டே நாற்காலி. ஒன்றில் நான், மடியில் அனுமதிச் சீட்டு. இன்னொன்றில் அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி. கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. எனக்கு வெற்றிலை கொடுத்து ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்.

பால்வெட்டுக்காரியாக வீராசாமியே சேலை கட்டி வந்தான். அந்தக் காலத்துத் தோட்டத்து நாடகத்தில் பெண் வேஷம் ஆண்தான் போடுவான். கங்காணி வேஷம் மாட்டுக்காரர் சின்னையாவுக்கு. கரியால் மீசை வரைந்திருந்தார்கள். ஆட்டம், பாட்டு, காமெடி எல்லாம் முடிந்து கதைக்கு வரவே ஐந்தேகால் ஆகிவிட்டது. குடைக் காம்பால் ஆறு அடி விழுந்தது. ஏழாவதுக்குச் சின்னையா கையை ஓங்கினார். வீராசாமி திரும்பி விட்டான் ஓர் அறை. திறந்த உள்ளங்கை, சட்டப்படி.

ஜனங்கள் நடுவிலிருந்து கிளம்பியது பாருங்கள், "ஒன்ஸ்மோர்!"

இதைக் கேட்டதும் மடியில் இருந்த சீட்டை எடுத்து, ஒரே தடவை என்ற வரியை மறுபடியும் படித்தேன். நம் நாடகத்தில் பாட்டோ சண்டையோ பிடித்துவிட்டால் ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்பார்கள், நடிகன் திரும்பச் செய்தே ஆக வேண்டும். செத்தவன்கூட எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு இன்னொரு தடவை சாவான். செய்யாவிட்டால் மேடைக்கு மண்ணாங்கட்டி வரும். சின்ன வயசிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பாரம் எழுதியவனும் நான், நிபந்தனை போட யோசனை சொன்னவனும் நான். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் மனிதனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், முதல் ஒன்ஸ்மோரில் உரக்கக் கத்தியவர் பெரிய கங்காணி. அடுத்த தோட்டத்துக் கங்காணிக்கும் இவருக்கும் ஆகாது. அந்த ஆளைத்தான் நாடகத்தில் கிழிக்கிறார்கள் என்று நினைத்துத் தொடையில் தட்டிச் சிரித்தார். இரண்டாவது அறைக்கும் சிரித்தார். மூன்றாவதில், ஜனங்கள் மேடையைப் பார்க்கவில்லை, தன்னைப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. குடையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

நான் எழுந்து போதும் போதும் என்று கையைக் காட்டினேன். என்னை யார் மதித்தார்கள்? ஒவ்வோர் அறைக்கும் முன்னால் சின்னையா முதலிலிருந்து வந்து, வசனம் பேசி, கை ஓங்கினால்தான் ஜனங்களுக்குத் திருப்தி. அவருக்கும் அவ்வளவு கைதட்டல் ஆயுசில் கிடைத்ததில்லை, கன்னம் வீங்க வீங்க உற்சாகமாக வந்து நின்றார். பதினோரு ஒன்ஸ்மோர். மொத்தம் பன்னிரண்டு அறை. கோயில் பண்டாரம் ஆறு மணிக்கு மணியடித்துவிட்டார். நிபந்தனைப்படி நாடகம் முடிந்தது. காலில் விழும் காட்சி வரவே இல்லை.

வீராசாமி சேலையோடு என்னிடம் ஓடி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. "ஐயா, நான் என்னங்க பண்ணுவேன், அவங்க கேட்டாங்க" என்றான். அவன் பின்னால் ஒரு பெண் நின்றாள். அவன் பெண்சாதி, பேர் அஞ்சலை. அத்தனை பேர் சிரித்துக் கத்திய இடத்தில் அவள் ஒருத்திதான் அழுதிருந்தாள் என்று முகத்தில் தெரிந்தது.

5. துரையின் விசாரணை

மூன்றாம் நாள் பெரிய கங்காணியின் புகார் வந்தது. வீராசாமியைக் கப்பல் ஏற்ற வேண்டும். துரை தன் அறையிலேயே விசாரணை வைத்தார். கங்காணி, வீராசாமி, நான். அஞ்சலை வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். கப்பல் ஏற்றினால் அவனை மட்டும்தான் ஏற்றுவார்கள். இவள் பேர் வேலைப் பட்டியலில் தனியாக இருக்கிறது, இவள் இங்கேயே கங்காணிக்குக் கீழே கிடக்க வேண்டியதுதான். அவன் இறங்கும் ஊரில் அவனுக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு நாதி கிடையாது. என் யோசனையால் வந்த வினை. எப்படியும் இவனைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டு போனேன்.

முதல் குற்றம், அதிகப்படியான பதினோரு அறை. நான் துரையிடம் சொன்னேன்: உங்கள் கிளப்பில் ஒரு சீமாட்டி பாடுகிறார்கள். சபையார் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் அதே பாட்டைத் திரும்பப் பாடினால், இரண்டு பாட்டு பாடினார்கள் என்றா சொல்வோம்? அதே பாட்டுத்தானே? துரையின் மனைவி கிளப்பில் பாடுகிறவர். அதை நான் மறக்கவில்லை. துரை பென்சிலை எடுத்தார். பன்னிரண்டு அறையும் ஒரே அறைதான் என்று எழுதிக்கொண்டார்.

இரண்டாவது, காலில் விழவில்லை. ஆறு மணிக்கு முடிக்கச் சொன்னது நீங்கள், உங்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து முடித்துவிட்டான் என்றேன். அதுவும் போயிற்று. எனக்கு அப்போது இருந்த மிதப்பைச் சொல்லி மாளாது. பாரிஸ்டர் ஆகியிருக்க வேண்டியவன் நான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வந்தது. கற்பனைக் கதை என்றால் துரைக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி, நடந்த சம்பவத்தை நாடகமாகப் போட்டால் அது வன்மம், ஜனங்களைத் தூண்டிவிடுவது. அதற்கு மன்னிப்புக் கிடையாது, கப்பல்தான். அந்த நாடகத்துக் கங்காணி நீதானா என்று பெரிய கங்காணியைக் கேட்டார். பாவம், அந்த மனிதர் பட்ட பாடு! ஆம் என்றால் பெண்பிள்ளையை அடித்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் புகாரே இல்லை. "அது நான் இல்லீங்க தொரை. ஆனா எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வீராசாமியின் பெண்சாதி விஷயமாக அவனுக்குத் தன்மேல் கோபம் என்று ஒரு வார்த்தையை அதிகமாகச் சேர்த்துவிட்டார். அப்படியானால் அவளைக் கூப்பிடு என்றார் துரை.

அஞ்சலை வந்து நின்றாள். துரை கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: நாடகத்தில் வருவதுபோல உனக்கு எப்போதாவது நடந்ததா?

இல்லை என்று சொல்லிவிடு தாயே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். கண்ணைக்கூடக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. துரையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நடந்துச்சுங்க. நாடகத்துல ஆறு அடி. எனக்கு எத்தனைன்னு நான் எண்ணலை. புள்ளைக்குக் காய்ச்சல்னு இவரு மாத்தி எழுதிட்டாரு. அப்ப புள்ளை வயித்துல இருந்துச்சு. அஞ்சு மாசம். தலை சுத்தி வாந்தி எடுத்துட்டு வர நேரமாயிருச்சு. இந்தா நிக்கிறாரே, இவருதான் குடைக் காம்பால அடிச்சாரு. கீழ விழுந்தப்புறம் காலால ஒதைச்சாரு. மறுநா புள்ளை போயிருச்சு. ஆஸ்பத்திரியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். இன்னைக்குத்தான் ஒருத்தரு என்னைக் கேக்குறாரு. அதான் சொல்றேன்."

பெரிய கங்காணியின் முகம் சாம்பல் பூத்துவிட்டது. வீராசாமி தரையைப் பார்த்தான். துரை என்னைப் பார்த்தார். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

அது வெறும் கதைதான் என்கிறாள், என்று நான் இங்கிலீஷில் சொன்னேன்.

துரை சிரித்தார். சந்தோஷமாகவே சிரித்தார், அவருக்கும் ஓர் ஆளைக் கப்பல் ஏற்றும் பேப்பர் வேலை மிச்சம். கற்பனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, எல்லோரும் போகலாம் என்றார். பெரிய கங்காணிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் நடந்தது என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தோட்டத்தில் குமாஸ்தாவைக் கூப்பிடுகிற மாதிரி, "கிராணியாரே, உங்க உதவியை மறக்க மாட்டேன்" என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். இழுத்துக்கொண்டால் மட்டும் என்ன, உதவி செய்தது நான்தானே.

6. படிக்கிற பிள்ளைகளுக்கு

இதை எழுதச் சொன்ன மாணவர்கள் கடைசியில் ஒரு படிப்பினை வேண்டும் என்றார்கள். கதையில் வரும் அடிதடியை எப்படி ஆராய்வது என்று இருபது வருஷம் வேலை பார்த்தவர் சொன்னால் நன்றாக இருக்குமாம். சொல்கிறேன். மேடையில் விழுந்த பன்னிரண்டு அறையை நான் ஒன்றாக்கிக் காட்டினேன், அது என் சாமர்த்தியம். தரையில் நிஜமாக விழுந்த அடியை நான் ஒன்றுமில்லாமல் ஆக்கினேன், அதற்கு நாலே வார்த்தை போதுமாக இருந்தது. புத்தகத்திலும் நாடகத்திலும் யார் யாரை அடித்தார்கள் என்று எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். அடிபட்டவர் பேசியதை உங்களுக்கு வந்து சொன்னவன் யார், அவன் எதை விட்டுவிட்டான் என்றும் கேளுங்கள். எங்கள் ஆபீசில் அதைக் கேட்க ஆளில்லை. இன்டர்பிரட்டர் ஒருவன்தான் இருந்தான்.

அன்றைக்கு வராந்தாவில் நடந்ததையும் சொல்லி முடித்துவிடுகிறேன். கங்காணி போனபிறகு அஞ்சலை என் முன்னால் வந்து நின்றாள். வீராசாமி இரண்டடி பின்னால். நான் சிரித்த முகமாக, உன் புருஷன் தப்பித்தான், கப்பல் கிடையாது, தோட்டத்துக்குப் போங்கள் என்றேன். கையெடுத்துக் கும்பிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன், வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

"நான் சொன்னதைத் தொரைகிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

சொன்னேன் என்றேன்.

"அதைக் கேட்டுட்டு ஒரு மனுசன் சிரிப்பானா ஐயா?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பிறகு மெதுவாக விளக்கினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் சட்டப்படி இவனை ஏற்றியிருப்பார்கள், உன் நன்மைக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்றேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"ஆஸ்பத்திரியில பொய்யி நான் சொன்னேன். இங்க எனக்காக நீங்க சொல்லிட்டீங்க. இவரைக் கப்பல்ல ஏத்தினா நானும் பேரை வெட்டிக்கிட்டுக் கூட ஏறிருப்பேன். இங்க எனக்கு என்னங்க இருக்கு? அந்தக் கொழந்தையைப் பொதைச்ச எடம் ஒண்ணுதான். இப்பவாச்சும் உள்ள போயி, அவ சொன்னது இதுதான்னு சொல்லிட்டு வாங்க. நாங்க இங்கயே நிக்கிறோம்."

துரையின் அறைக் கதவு பத்தடி தூரத்தில் திறந்துதான் இருந்தது. உள்ளே போனால், துரை முகத்தைப் பார்த்துப் பொய் மொழிபெயர்த்தேன் என்று நான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு என் நாற்காலி எனக்கு இருக்காது. அவ்வளவு நேரமும் வீராசாமிக்காகப் பொய் சொன்னவன் நான் என்று நினைத்திருந்தேன். அந்தப் பத்தடியில் அது எனக்காக என்று ஆகிவிட்டது.

ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்தேன். அங்கே இன்னொரு புராண நாடகம் வந்து கிடந்தது. ரயில் நேரம் வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் தலை நிமிரவில்லை.